கைப்பேசி எழுத்துக்கூட்டல் விளையாட்டுகள்

கைப்பேசி எழுத்துக்கூட்டல் விளையாட்டுகள் என்பவை, படிக்கக் கற்றுக்கொள்ளும் சிறுவர்கள் எழுத்துகளை அடையாளம் காணவும், அவற்றைச் சேர்த்துச் சொற்களை அமைக்கவும், அமைத்த சொல்லை வாய்விட்டு வாசிக்கவும் பயிற்சி தரும் வகையில் கைப்பேசிகளுக்காக ஆக்கப்படும் மென்பொருள்கள் ஆகும். எழுத்தின் ஒலியைக் கேட்டு அதன் வடிவத்தைத் தொடுதல், கலைந்து கிடக்கும் எழுத்துகளை வரிசைப்படுத்துதல், விடுபட்ட எழுத்தை நிரப்புதல், திரையில் தோன்றும் சொல்லை உரக்கப் படித்தல் ஆகியன இவற்றில் பரவலாகக் காணப்படும் வடிவங்கள்.

இவ்விளையாட்டுகளின் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டி உருவானது. 26 எழுத்துகள் கொண்ட மொழிக்கு வகுத்த முறையை 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. எழுத்துத் தமிழுக்கும் வீட்டில் பேசும் தமிழுக்கும் இடைவெளி மிகுந்த பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் உள்ளிட்ட வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இக்கட்டுரை, தமிழ் எழுத்துக்கூட்டல் விளையாட்டுகளின் பின்னணி, நுட்பம், பயன், வரம்புகள் ஆகியவற்றை அப்பகுதியின் சூழலோடு இணைத்து விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எழுத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்வதே எழுத்துக்கூட்டல் எனப்படுகிறது. தமிழில் "எழுத்துக்கூட்டிப் படித்தல்" என்னும் வழக்கு சற்று வேறானது. "பாடம்" என்ற சொல்லைப் பா, ட, ம் எனத் தனித்தனியே ஒலித்து, பின்னர் சேர்த்துச் சொல்வதையே அது குறிக்கும். தமிழ் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால், எழுத்துகளை அறிந்த குழந்தை புதிய சொல்லையும் தானே படித்துவிட முடியும். ஆங்கிலத்தில் இவ்வாறு எப்போதும் செய்ய இயலாது.

ஆனால் கேட்ட சொல்லை எழுதுவது அவ்வளவு எளிதன்று. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய மயங்கொலி எழுத்துகள் பலரது பேச்சில் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. எனவே தமிழில் படித்தல் ஒப்பளவில் எளிது, பிழையின்றி எழுதுதல் கடினம் எனலாம். எழுத்துக்கூட்டல் விளையாட்டு ஒன்று இவ்விரு திறன்களில் எதற்குப் பயிற்சி தருகிறது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

வரலாறு

மணலும் அட்டையும்

விளையாட்டின் வழியாக எழுத்தறிவித்தல் கைப்பேசியுடன் தொடங்கியதன்று. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றனர். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், "மலபார் பள்ளி" ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் காப்பகத்திலும் புகுத்தினார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை மலபார்கள் என அழைத்தமை குறிப்பிடத்தக்கது. முன்னரே கற்ற சிறுவன் மற்றவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து, அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. பிழையாக எழுதினால் கையால் அழித்துவிட்டு உடனே மீண்டும் எழுதலாம் என்பதே மணலின் சிறப்பு. இன்றைய தொடுதிரை விளையாட்டுகளின் அடிப்படைப் பண்பும் இதுவே.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் (ஏபிஎல்) இவ்வகையில் அடுத்த முக்கியமான கட்டம் ஆகும். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி இதனை அறிமுகப்படுத்தினார். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் இது விரிவாக்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. இராயபுரம் அன்றே மாநகராட்சிக்குள் இருந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தன.

செயல்வழிக் கற்றலில் பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலகும் சின்னம் பொறித்த அட்டையாக வழங்கப்பட்டது. சுவரில் இருக்கும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதைக் குழந்தையே அறிந்துகொள்ளும். ஒரு படியை முடித்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல முடியும். எழுத்துகளும் அகர வரிசையில் அன்றி, எளிய கோடுகளால் ஆன வடிவங்களில் தொடங்கிக் கற்பிக்கப்பட்டன. கணினி விளையாட்டுகளில் "நிலை" எனப்படுவது, சென்னையின் மாநகராட்சி வகுப்பறைகளில் மின்சாரமே இன்றி நடைமுறையில் இருந்தது எனலாம்.

மின்னணுக் கருவிகள்

1978இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட "ஸ்பீக் அண்டு ஸ்பெல்" என்னும் கையடக்கக் கருவி, எழுத்துக்கூட்டல் விளையாட்டுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஒரே சில்லில் அமைந்த பேச்சுத் தொகுப்பியைக் கொண்டு அது ஒரு சொல்லை ஒலிக்கும். குழந்தை அதன் எழுத்துகளை விசைகளில் அழுத்த வேண்டும்.

கைப்பேசியைக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சிகளில் 2004இல் தொடங்கிய "மில்லி" திட்டம் இந்தியாவோடு தொடர்புடையது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேத்யூ காம் தலைமையில் தொடங்கிய இத்திட்டம், உத்தரப் பிரதேச ஊரகச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் கைப்பேசி விளையாட்டுகளை வடிவமைத்தது. மேலைநாட்டு விளையாட்டுகளின் விதிகள் சிறுவர்களுக்கு விளங்காததைக் கண்ட குழுவினர், இந்தியக் கிராம விளையாட்டுகளை ஆராய்ந்து அவற்றின் அமைப்பைத் தம் மென்பொருளில் பயன்படுத்தினர்.

கைப்பேசியில் தமிழ்

தமிழ் விளையாட்டுகள் தோன்றுவதற்கு முன் தமிழ் எழுத்துகள் கைப்பேசித் திரையில் தோன்ற வேண்டியிருந்தது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் கைப்பேசிகள் அதனைச் சரியாகக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் வெளியாகி, தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் 4ஆம் வரிசைப் பதிப்புகளுக்குப் (2011 முதல்) பின்னரே, விலை குறைந்த தொடுதிரைக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறாமல் தெரியத் தொடங்கின.

தமிழ் எழுத்து முறையும் விளையாட்டு வடிவமைப்பும்

எது ஓர் எழுத்து?

எழுத்துக்கூட்டல் விளையாட்டை உருவாக்கும் நிரலர் முதலில் எதிர்கொள்ளும் வினா, ஒரு கட்டத்தில் எதனை வைப்பது என்பதாகும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண்கள் இல்லை. அகர உயிர்மெய்க்கு ஒரு குறியெண், புள்ளிக்கும் கால், கொம்பு முதலியவற்றுக்கும் வேறு குறியெண்கள் என அமைந்துள்ளது.

"பள்ளிக்கூடம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ப, ள், ளி, க், கூ, ட, ம் என அதில் 7 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறிப்படி எண்ணினால் 12 குறியெண்கள் வரும். குறியெண்களை அப்படியே பிரித்துக் கட்டங்களில் இட்டால், புள்ளியும் கொம்பும் தனியே நின்று, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்துடன் திரையில் தோன்றும். எந்த அரிச்சுவடியிலும் இல்லாத வடிவம் அது. குழந்தைக்கு அது எழுத்தாகத் தெரியாது. ஆங்கில விளையாட்டின் நிரலை எடுத்துச் சொற்பட்டியலை மட்டும் தமிழாக்கும்போது இப்பிழை நேர்கிறது.

சரத்தை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் நிரலகங்களைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும். பைத்தான் மொழிக்கான ஓபன்-தமிழ் என்னும் திறந்த மூல நிரலகம் இவ்வசதியை அளிக்கிறது. 247 எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் அளிக்கும் டேஸ்-16 குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்றது. ஆயினும் பொதுப் பயன்பாட்டில் ஒருங்குறியே நிலைத்தது.

விடையை ஒப்பிடுதல்

"கொடி" என்பதில் உள்ள "கொ"வை இரு வகையாகப் பதியலாம். க என்பதுடன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியும். ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிடும் நிரல் இரண்டையும் வேறெனக் கருதி, சரியான விடையைத் தவறு என்று அறிவிக்கும்.

ஔகாரத்தில் இதற்கு எதிரான சிக்கல் உள்ளது. "கௌதாரி" என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். அதனையே கெ, ள, தா, ரி என நான்கு எழுத்துகளாகத் தட்டினாலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும். இங்கே இரண்டும் சமம் அல்ல. குழந்தையின் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் விடை ஏன் தவறானது என்பதை விளையாட்டு விளக்கிச் சொல்ல வேண்டும்.

கவர்ச்சி எழுத்துகள்

சரியான எழுத்துகளுடன் சேர்த்து வைக்கப்படும் தவறான எழுத்துகள் விளையாட்டின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. "கடல்" என்ற சொல்லுக்கு க, ட, ல் ஆகியவற்றுடன் ஞூ, ஙௌ போன்ற எழுத்துகளைக் கலந்தால், அவற்றை ஒதுக்குவதில் குழந்தை எதையும் கற்பதில்லை. ள், ழ் ஆகியவற்றை வைத்தால்தான் மயங்கொலி வேறுபாட்டிற்குப் பயிற்சி கிடைக்கும். கரை-கறை, வலை-வளை, பனி-பணி, அலை-அழை-அளை போன்ற இணைகள் இதற்கு ஏற்றவை.

சில மயக்கங்களுக்கு எளிய விதிகள் உள்ளன. ந சொல்லின் முதலிலும் தகரத்திற்கு முன்னும் வரும். ன சொல்லின் முதலில் வாராது. டகரத்திற்கு முன் ண், றகரத்திற்கு முன் ன் வரும். நண்டு, கன்று, பந்து என்ற மூன்று சொற்களைக் கொண்டே இவ்விதிகளைக் காட்டிவிடலாம். ல, ள, ழ வேறுபாட்டிற்கு இவ்வாறான முழுமையான விதி இல்லை. அதனைச் சொல்லோடு சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். ஆகவே முதல் வகைக்கு விதியைக் கண்டறியும் விளையாட்டும், இரண்டாம் வகைக்கு மீண்டும் மீண்டும் காணும் பயிற்சியும் பொருத்தமானவை.

எழுத்துகளின் வரிசை

1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் பிற எழுத்துகளின் ஒழுங்கிற்கு வந்தன. கற்பவரின் சுமை ஓரளவு குறைந்தது. எஞ்சியிருப்பவற்றில் உகர, ஊகார உயிர்மெய்கள் 36உம் ஒழுங்கற்றவை. கு, சு, து, ணு ஆகியவற்றில் உகரக் குறி வெவ்வேறு வடிவம் பெறுகிறது. கா, கி, கீ எனக் குறிகள் மாறாமல் வரும் வரிசைகளை முதலிலும், உகர வரிசைகளைப் பின்னரும் வைப்பது வடிவமைப்பில் உதவும்.

பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடம் கற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், எழுத்துகளை முழுமையாகக் கற்பது நான்காம் வகுப்பு வரையும் நீடிப்பதைக் காட்டினார். எழுத்துகளின் எண்ணிக்கை மிகுந்த மொழிகளில் இவ்வளவு காலம் ஆவது இயல்பானது. தமிழில் கூட்டெழுத்துகள் இல்லாததால் சுமை குறைவு என்றாலும், ஆங்கிலத்திற்கு ஆகும் காலத்தைக் கொண்டு தமிழ்க் குழந்தையின் வேகத்தை அளப்பது தவறாகும்.

விளையாட்டு வகைகள்

* ஒலி-எழுத்து இணைத்தல்: ஒலியைக் கேட்டுச் சரியான எழுத்தைத் தொடுதல். பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் எய்க்கி லூட்டினென் குழுவினர் உருவாக்கிய கிராபோகேம் இவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.
* எழுத்து வரிசைப்படுத்தல்: கலைந்த எழுத்துகளைச் சொல்லாக்குதல். தமிழில் கட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றது.
* மெய்யும் உயிரும் சேர்த்தல்: க் என்பதுடன் ஆ சேர்த்துக் கா ஆக்குதல். ஆங்கிலத்தில் இணையில்லாத வகை இது.
* எழுத்தூகம்: மறைந்துள்ள சொல்லை ஒவ்வோர் எழுத்தாக ஊகித்தல். 26க்குப் பதிலாக 247 எழுத்துகள் இருப்பதால், மெய் சரி, உயிர் தவறு என்பது போன்ற பாதிக் குறிப்பு தராவிட்டால் விளையாட்டு சலிப்பூட்டும். 2022இல் வேர்டில் உலகெங்கும் பரவியபோது வந்த தமிழ் வடிவங்களிலும் இக்கேள்வி எழுந்தது.
* உரக்கப் படித்தல்: திரையில் உள்ளதைக் குழந்தை வாசிக்க, மென்பொருள் கேட்டுத் திருத்துதல். கூகுள் நிறுவனம் மார்ச் 2019இல் இந்தியாவில் "போலோ" என வெளியிட்டு, 2020இல் "ரீட் அலாங்" எனப் பெயர் மாற்றிப் பிற நாடுகளுக்கும் கொண்டு சென்ற செயலி இவ்வகையினது. தமிழும் அதன் மொழிகளுள் ஒன்று.

வடசென்னைச் சூழல்

வடசென்னை, தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856இல் திறக்கப்பட்ட இராயபுரத்தையும், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளையும், 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தையும் உள்ளடக்கியது. மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு மிகுதி.

பேச்சும் எழுத்தும்

சென்னைப் பேச்சு வழக்கில் ழகரம் யகரமாக ஒலிப்பது பரவலாக அறியப்பட்டது. "வாழைப்பழம்" வாயப்பயம் ஆகிறது. அகரம் தொடரும்போது இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் நெகிழ்கின்றன. "இலை" எல என்றும், "குழந்தை" கொயந்த என்றும் ஒலிக்கும். பின்னதில் முதலெழுத்தின் உயிர், இடையிலுள்ள மெய், இறுதி உயிர் ஆகிய மூன்றும் எழுத்து வழக்கிலிருந்து மாறியுள்ளன.

இப்பகுதிக் குழந்தை ஒன்று "எல" என எழுதினால், அது தான் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. ஒலியைப் பிரித்தறியும் திறன் அதற்கு வந்துவிட்டது. எழுத்துத் தமிழ் வடிவம்தான் இன்னும் பழக்கமாகவில்லை. "இலை" என்பதற்கு "இமை" என எழுதும் குழந்தையின் சிக்கல் வேறு. அங்கே எழுத்தின் வடிவமே மனத்தில் பதியவில்லை. இரண்டிற்கும் ஒரே சிவப்புக் குறியைக் காட்டும் விளையாட்டு, முதற் குழந்தையிடம் உன் வீட்டுப் பேச்சே பிழை என்று சொல்வதற்கு ஒப்பாகும். "நாம் எல என்று சொல்வோம், இலை என்று எழுதுவோம்" என்ற ஒரு வரி விளக்கம் அக்குழந்தைக்குப் போதுமானது.

உரக்கப் படிக்கும் விளையாட்டுகளில் இச்சிக்கல் பேச்சறி நுட்பத்தைச் சார்ந்தது. பயிற்சிக்குப் பயன்பட்ட குரல்களில் வட்டார ஒலிப்பும் குழந்தைக் குரல்களும் போதிய அளவு இல்லையெனில், பொருளுணர்ந்து படித்த குழந்தையும் பிழை செய்ததாகக் கணக்கிடப்படலாம்.

வீட்டு மொழி

இப்பகுதியில் தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அண்மைக் காலத்தில் வட, கிழக்கு மாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் குடியேறியுள்ளன. தெலுங்கு, உருது, இந்தி ஆகியவை க-வையும் அதன் மெல்லிய இணையையும் தனித்தனி எழுத்துகளால் குறிப்பவை. தமிழில் கப்பல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை இதனை உணர்வதே இல்லை. பிறமொழிக் குழந்தைக்கு இது தனியே கற்பிக்கப்பட வேண்டும்.

கைப்பேசி யாருடையது?

தொழிலாளர் குடும்பங்களில் கைப்பேசி பெரும்பாலும் பெற்றோருடையது. பெற்றோர் பணிக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்லும். குழந்தைக்கு அது கிடைப்பது மாலையிலோ இரவிலோ, அதுவும் உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொள்ளும் சிறு நேரத்திற்கு மட்டுமே. எனவே இணைய இணைப்பின்றி இயங்குதல், குறைந்த நினைவகத்தில் இடம்பெறுதல், ஒரே கருவியில் பல சிறுவர்களின் முன்னேற்றத்தைத் தனித்தனியே சேமித்தல், ஐந்து நிமிடத்தில் நிறுத்தினாலும் கணக்கு இழக்காதிருத்தல் ஆகியவை இச்சூழலில் இன்றியமையாத தேவைகளாகும்.

சொற்பட்டியல்

முதற் சொற்கள் குழந்தை அறிந்தவையாக இருப்பின், எழுத்தைக் கூட்டியவுடன் பொருள் விளங்கும். படகு, வலை, கடல், நண்டு, இறால், கப்பல் ஆகியவை இப்பகுதிச் சிறுவர்கள் நாளும் கேட்பவை, எழுத்துக்கூட்டலுக்கும் எளியவை. நெத்திலி, வஞ்சிரம், சங்கரா போன்ற மீன் பெயர்கள் அடுத்த நிலைக்கு ஏற்றவை. "வஞ்சிரம்" ஞ் என்ற அரிய எழுத்தையும் இயல்பாக அறிமுகப்படுத்திவிடுகிறது.

தமிழ்நாட்டு அரசின் திட்டங்கள்

கோவிட்-19 பரவலால் பள்ளிகள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்ததன் விளைவு தொடக்க வகுப்புகளில் கடுமையாக இருந்தது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடிய மூன்றாம் வகுப்புச் சிறுவர்கள் 2018இல் 10.2 விழுக்காடாக இருந்து 2022இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தனர். சென்னை இவ்வாய்வில் அடங்காது என்பதால், வடசென்னையின் நிலையை இவ்வெண்களைக் கொண்டு அறிய இயலாது.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அக்டோபர் 27, 2021 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் குடியிருப்புப் பகுதிகளிலேயே வகுப்பு நடத்தினர். இம்மையங்களில் சூன் 2022இல் பன்னிரண்டு நாட்கள் நடைபெற்ற வாசிப்பு மாரத்தானில் ரீட் அலாங் செயலி பயன்படுத்தப்பட்டது. தன்னார்வலரின் ஒரு கைப்பேசியைச் சிறுவர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது.

எண்ணும் எழுத்தும் திட்டம் சூன் 13, 2022 அன்று வடசென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதும், இதனை 2025க்குள் எய்த வேண்டும் என்பதும் இதன் இலக்குகளாக அறிவிக்கப்பட்டன. மாணவர்கள் வகுப்பைக் கொண்டன்றித் திறனைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டனர். விளையாட்டு மென்பொருள்களும் இந்நிலைகளைப் பின்பற்றினால், வகுப்பறைப் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் ஒன்றையொன்று தாங்கும்.

பயன் குறித்த ஆய்வுகள்

விளையாட்டை மட்டும் கொடுத்தால் குழந்தை படிக்கக் கற்றுவிடும் என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. இங்கிலாந்தில் கிராபோகேமின் ஆங்கில வடிவத்தைப் பள்ளிகளில் சோதித்து 2018இல் வெளியான அறிக்கை, வழக்கமான கற்பித்தலைவிட வாசிப்பில் கூடுதல் முன்னேற்றம் இல்லை எனக் கண்டது. பல நாடுகளின் கிராபோகேம் ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்விலும், சொல் வாசிப்பின் மீதான சராசரி விளைவு ஏறத்தாழ சுழியமாகவே இருந்தது. ஆனால் விளையாடும்போது பெரியவர் ஒருவர் உடனிருந்து ஈடுபட்ட ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 200 ஊர்களில் போலோ செயலியைச் சோதித்தபோது, மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டுச் சிறுவர்களின் வாசிப்புத் திறன் உயர்ந்ததாகக் கூகுள் அறிவித்தது. மூன்று மாதங்களில் பள்ளிப் பாடத்தாலும் குழந்தைகள் முன்னேறுவர் ஆகையால், இவ்வெண்ணை மட்டும் கொண்டு செயலியின் பங்கைப் பிரித்தறிய முடியாது.

தமிழ்நாட்டின் ஊரகச் சிறுவர்களைத் தொடர்ந்து அளந்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு (2022), பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்ததாகவும் மதிப்பிட்டது. அத்திட்டத்தின் மையத்தில் இருந்தவர் தன்னார்வலர். செயலி அவரது கருவிகளுள் ஒன்று மட்டுமே. கைப்பேசி விளையாட்டின் பயன், உடன் அமர்பவரைச் சார்ந்தது என்னும் முடிவுடன் இதுவும் பொருந்துகிறது.

விமரிசனங்கள்

* புள்ளி சேர்த்தலும் படித்தலும்: கட்டங்களை மாற்றி மாற்றித் தொட்டே வெற்றி பெறும் வாய்ப்பிருந்தால், குழந்தை எழுத்தைப் பார்க்காமலேயே அடுத்த நிலைக்குச் சென்றுவிடும். தவறான தொடுதல்களையும் கணக்கில் கொள்ளாத விளையாட்டின் முன்னேற்ற அறிக்கை பெற்றோரைத் தவறாக வழிநடத்தும்.
* எழுதும் பழக்கம்: கட்டத்தை இழுத்து வைப்பது கையால் எழுதுவதற்கு ஈடாகாது. மணலிலும் பலகையிலும் எழுதும் பயிற்சியை இது நிரப்புவதில்லை.
* விளம்பரம்: இலவச விளையாட்டுகளின் இடையே தோன்றும் விளம்பரங்களைப் படிக்கத் தெரியாத குழந்தை தொட்டுவிடுவது இயல்பு.
* தனியுரிமை: உரக்கப் படிக்கும் விளையாட்டுகள் குழந்தையின் குரலைப் பெறுகின்றன. இந்தியாவின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதிற்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தடை விதிக்கிறது. படிக்கத் தெரியாத பெற்றோரிடம் எழுத்தில் பெறப்படும் ஒப்புதலின் பொருள் என்ன என்பது விடை காண வேண்டிய வினாவாகும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு தமிழ் எழுத்துக்கூட்டல் விளையாட்டைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் பெற்றோரும் ஆசிரியரும் சிலவற்றை எளிதில் சோதித்துப் பார்க்கலாம்.

* கட்டங்களில் முழு எழுத்துகள் உள்ளனவா, அல்லது கொம்பும் காலும் தனியே நிற்கின்றனவா?
* எழுத்தின் ஒலி தெளிவாக, குறிலும் நெடிலும் வேறுபட்டு ஒலிக்கின்றதா?
* தவறும்போது சரியான விடை மட்டும் காட்டப்படுகிறதா, காரணமும் சொல்லப்படுகிறதா?
* இணைப்பைத் துண்டித்த பின்னரும் இயங்குகின்றதா?
* கைப்பேசியை மூடிவிட்டு, அதே சொற்களைத் தாளில் எழுதிக் காட்டினால் குழந்தை படிக்கின்றதா?

இவற்றுள் இறுதியானதே உண்மையான அளவுகோல் ஆகும். திரையில் கற்ற சொல்லைப் பேருந்துப் பலகையிலும் கடைப் பெயரிலும் பாடநூலிலும் கண்டு படிக்கும் குழந்தையே எழுத்தறிவு பெற்றதாகக் கொள்ளப்படும்.

இவற்றையும் பார்க்க

* தமிழ் அரிச்சுவடி
* செயல்வழிக் கற்றல்
* மயங்கொலிகள்
* தமிழ் ஒருங்குறி
* சென்னைத் தமிழ்
* இல்லம் தேடிக் கல்வி